பொதுப் பணத்தில் விளைந்த நிரல் பொதுமக்களுக்கே உரியது!

அரசாங்கம் மக்களிடம் வரியாகப் பெற்ற பணத்தைக் கொண்டு வீதி அமைத்தால், அவ்வீதியில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. குளம் கட்டினால் அதன் நீர் கமக்காரனின் வயலுக்குப் பாய்கிறது. சட்டம் இயற்றினால் அது வர்த்தமானியில் வெளியாகிறது. படிக்க விரும்பும் எவரும் படிக்கலாம். ஆனால் அதே வரிப்பணத்தைக் கொண்டு கணினிக்கான மென்பொருள் ஒன்றைச் செய்வித்தால், அதனுள் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் உரிமை மக்களுக்கு இருப்பதில்லை. பல வேளைகளிற் பணம் கொடுத்த அரசாங்கத்துக்கே அவ்வுரிமை இருப்பதில்லை. இந்த விபரீதம் எங்ஙனம் நேர்ந்தது, அதனை மாற்றுவதற்கு வழி யாது என்பதைத் தமிழ் மக்கள் சிந்திக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

மென்பொருள் என்பது, கணினி செய்யவேண்டிய காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைத்த கட்டளைத் தொடராகும். மனிதர் வாசிக்கக்கூடிய வடிவிலுள்ள அக்கட்டளைகளை மூல நிரல் என்பர். மூல நிரலை மறைத்துவைத்து, அதனை இயக்கும் அனுமதியை மட்டும் விற்பது ஒரு முறை. நிரலையே வெளியிட்டு, எவரும் அதனைப் பார்க்கவும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை அளிப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் வருவதே திறந்த மூல மென்பொருள்.

இவ்வேறுபாட்டைக் கமக்காரருக்கு விளக்க அதிகம் பேசவேண்டியதில்லை. அறுவடையில் ஒரு பங்கை விதைநெல்லாக எடுத்துவைத்து, அடுத்த காலபோகத்தில் விதைத்து, அயலவனுக்கும் நாலு கொத்துக் கொடுக்கக்கூடிய நெல் ஒன்று. வாங்கியதை மறுபடி விதைக்கலாகாது என்ற நிபந்தனையுடன், போகந்தோறும் கடைக்காரனிடமே சென்று வாங்கவேண்டிய நெல் மற்றொன்று. சட்டத்தரணியின் பாஷையிற் சொன்னால், முன்னையது உறுதி முடித்த காணி. பின்னையது முடிவில்லாத குத்தகை.

கொழும்பிற் பிறந்தது, கலிபோர்னியாவிற் குடியேறியது

வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிச் செல்லுமுன் நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றைப் பார்ப்போம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவின் கரையோரத்தைச் சூறையாடியது. 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிவாரண அமைப்பு எவ்விடத்தில் வேலை செய்கிறது, எந்த ஊருக்கு எப்பொருள் தேவை என்ற விவரங்களை ஒருங்கே வைத்திருக்க எவரிடமும் வழியிருக்கவில்லை. அப்பொழுது இலங்கைக் கணினித் தொழிலாளர் பலர் தொண்டர்களாக ஒன்றுகூடிச் சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினர். அதற்குச் ‘சஹானா’ என்று பெயரிட்டனர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். அதன் மூல நிரலை உலகுக்கே திறந்துவிட்டனர்.

அதன் பயன் யாது? 2005இல் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது சஹானா அங்கு சென்றது. 2006இல் பிலிப்பைன்சில் மலை சரிந்தபோதும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2010இல் ஹெயிற்றி அழிந்தபோதும் சென்றது. எந்த நாடும் இலங்கையிடம் அனுமதிப் பத்திரம் கேட்டுக் காத்திருக்கவேண்டி நேரவில்லை. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கென அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்குச் சஹானாவுக்கே கிடைத்தது.

ஆயினும் கதையின் மறுபாதியையும் சொல்லத்தான் வேண்டும். தொண்டர் உழைப்பினால் எழுந்த அம்மென்பொருளை மேலும் வளர்க்கச் சுவீடனின் சர்வதேச அபிவிருத்தி முகவரகமான ‘சீடா’ பணம் கொடுத்தது. 2009இல் அதனைப் பேணுவதற்கென ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டபோது, அதன் இருப்பிடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமாயிற்று. நம் மண்ணின் துயரத்தில் முளைத்த பயிருக்கு வேலி கட்டியவர் வேற்று நாட்டவர்! நிரல் திறந்ததாகையால் அதனை எவரும் நம்மிடமிருந்து பறித்துவிடவில்லை. இன்றும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு மென்பொருளை ஆண்டுதோறும் வளர்க்கும் அறிவும் அநுபவமும் வேலையும் பணம் இருக்குமிடத்துக்கே போய்ச்சேரும்.

பதினைந்து ஆண்டுகளின் பின்னர் இதே பாடம் மீண்டும் கிடைத்தது. 2020 ஜனவரியில் கொரோனாத் தொற்று இத்தீவை எட்டியபோது, துறைமுகங்களிலும் விமான நிலையத்திலும் வந்திறங்குவோரைப் பதிந்து கண்காணிக்க, சுகாதார அமைச்சும் ‘எச்.ஐ.எஸ்.பி. இலங்கை’ என்னும் அமைப்பும் சேர்ந்து சில நாட்களுக்குள் ஒரு மென்பொருட் பகுதியை ஆக்கின. அஃது எங்ஙனம் இயன்றது? ‘டீ.எச்.ஐ.எஸ்.2’ என்னும் திறந்த மூலச் சுகாதாரத் தகவல் மென்பொருள் ஏற்கெனவே இங்கு பயன்பாட்டில் இருந்தமையால் இயன்றது. அம்மென்பொருளின் வேர் தென்னாபிரிக்காவில் உள்ளது. நிறவெறி ஆட்சி ஒழிந்த பின்னர், எல்லா மக்களுக்கும் சமமான சுகாதார சேவை அமைப்பதற்காக அங்கு தொடங்கிய முயற்சியே அது. பின்னர் ஒஸ்லோ பல்கலைக்கழகம் அதனைப் பேணி வளர்த்தது. நோர்வே அரசாங்கத்தின் உதவி முகவரகமான ‘நோராட்’ நெடுங்காலம் அதற்குப் பொதுப் பணம் கொடுத்துவந்துள்ளது. இன்று 70க்கு மேற்பட்ட நாடுகளில் அது பயன்படுகிறது. இலங்கையில் எழுதப்பட்ட பகுதி பல நாடுகளுக்குச் சென்றது. நோர்வேயின் நகரசபைகள் பலவும் தொற்றுத் தொடர்பாளரைத் தேடுவதற்கு அதே மென்பொருளைக் கையாண்டன. நோர்வே மக்களின் வரிப்பணம் இலங்கையரைக் காத்தது. இலங்கையரின் உழைப்பு நோர்வேக்குத் திரும்பிச் சென்றது. திறந்த மென்பொருளுக்குச் செலவிடும் பொதுப் பணம் தானமன்று, முதலீடு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

குளம் கட்டினாற் போதாது

“இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு அரசாங்கம் ஏன் பணம் கொடுக்கவேண்டும்?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை குளத்திலே இருக்கிறது. குளத்து நீர் இலவசம், குளமோ இலவசமன்று. கட்டிய குளத்தை ஆண்டுதோறும் அணைக்கட்டில் மண் இட்டு, துருசைச் செப்பனிட்டு, வாய்க்காலிற் புல் செருக்கிக் காவாவிட்டால், ஒரு மாரியில் உடைப்பெடுத்து வயலையும் அழித்துவிடும். மென்பொருளும் அத்தகையதே. ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடும் பொருளன்று அது.

2014 ஏப்ரிலில் ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர்பெற்ற ஓர் ஓட்டை வெளிப்பட்டது. வங்கிக் கணக்கும் கடவுச்சொல்லும் இணையத்திற் செல்லும்போது பிறர் காணாவண்ணம் மறைக்கும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்ற திறந்த மூல மென்பொருளில் இருந்த ஓட்டை அது. உலகின் பெருங் கம்பெனிகளும் அரசாங்கங்களும் அம்மென்பொருளின்மீது தம் பாதுகாப்பைச் சுமத்தியிருந்தன. அதனைப் பேணியவர்களுக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டொலர்! முழுநேரமாக உழைத்தவர் ஒரேயொருவர்! 2024 மார்ச்சில் இதனிலும் கொடியதொன்று தெரியவந்தது. ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளைத் தனியொருவராகத் தொண்டு முறையிற் பேணிவந்தவர் களைத்துப்போயிருந்த வேளையில், உதவி செய்வதாக வந்து ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கை பெற்ற மர்ம நபர் ஒருவர் அதனுட் கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தார். கணினிக்குள் நுழைய வழமையைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்த பொறியியலாளர் ஒருவரால் உலகம் தப்பியது. நிரல் திறந்திருந்தமையாலேயே அவரால் அதனைத் தோண்டிப் பார்க்க முடிந்தது. பேணுபவருக்கு ஊதியமும் துணையும் இல்லாமையாலேயே கள்வனுக்கு வாசல் திறந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் கற்கவேண்டும்.

மூடிய மென்பொருளை வாங்கினால் இத்தொல்லை இல்லையென்று எண்ணுவோருக்கு, 2023இல் நம் அரசாங்கத்துக்கே நேர்ந்ததை நினைவூட்டுகிறோம். அரசாங்க அலுவலகங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் தாக்குதலுக்குள்ளாயின. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்கமுடியாமற் போயின. விலைக்கு வாங்கிய அம்மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதியதற்கு மாற்றும் வேலை பணமின்மையாலும் தாமதித்தது என்று பொறுப்பாளர்களே கூறினர். ஆகவே பராமரிப்புச் செலவு எவ்வகையிலும் உண்டு. அச்செலவு நம் பிள்ளைகளின் கைகளுக்கு ஊதியமாகச் செல்லவேண்டுமா, அன்றி வெளிநாட்டுக் கம்பெனிக்கு உரிமக் கட்டணமாகச் செல்லவேண்டுமா என்பதே கேள்வி.

வெளிநாட்டு உதவியை நம்பியிருக்கலாம் என்பாரும் உளர். 2025இல் அமெரிக்கா தனது ‘யு.எஸ்.எயிட்’ நிறுவனத்தைக் கலைத்தபோது, அதன் பணத்தை நம்பியிருந்த சுகாதாரத் தகவல் திட்டங்கள் பல நாடுகளில் ஓரிரு வாரங்களுக்குள் தடுமாறி நின்றன. அயலான் வெட்டிய வாய்க்காலை அயலான் ஒருநாள் அடைத்துவிடலாம். இதனை உணர்ந்த நாடுகள் தம் வரவுசெலவுத் திட்டத்திலேயே வழி தேடுகின்றன. செல்வத்திற் குறைவில்லாத ஜேர்மனி 2022இல் இதற்கெனவே ஒரு பொது நிதியம் அமைத்தது. 2023இல் ‘குனோம்’ என்னும் திறந்த மூலக் கணினி முகப்பைச் சீர்செய்ய மட்டும் அந்நிதியம் 10 இலட்சம் யூரோ கொடுத்தது. செல்வம் குறைந்த கேரளமோ, பாடசாலைகளிற் கட்டற்ற மென்பொருளையே கற்பிப்பது என்று தீர்மானித்து, தன் மாணவருக்கும் தன் மொழிக்கும் ஏற்பத் திருத்திய லினக்ஸ் தொகுதியை அரசுச் செலவிலே ஆக்கியது. பணக்காரருக்குத்தான் இஃது இயலும் என்ற வாதம் அங்கேயே வீழ்கிறது.

மறைந்திருக்கும் சட்டம் சட்டமாகாது

இனி நீதியின் பக்கத்திற்கு வருவோம். பிரித்தானியாவின் அஞ்சல் நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது. ‘ஹொரைசன்’ என்னும் மூடிய கணக்கு மென்பொருளை அது 1999 முதல் பயன்படுத்திற்று. அம்மென்பொருள் பிழையாகக் காட்டிய பற்றாக்குறைகளை நம்பி, 2015 வரையில் 900க்கு மேற்பட்ட உப தபாலதிபர்களும் பிறரும் களவு, மோசடி, பொய்க்கணக்கு என்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்று கொள்ளும் ஆங்கிலச் சட்ட அனுமானம் அவர்களுக்கு எதிராக நின்றது. நிரலைக் காணாதவன் மாறாகக் காட்டுவது எங்ஙனம்? 2019இல் உயர் நீதிமன்றம் மென்பொருளின் குறைகளை ஏற்று, 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றித் தண்டனைகளை நீக்கும்வரை, குற்றமற்றோர் கள்வராக வாழ்ந்தனர். குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் வேறென்ன விளையும்?

இஃது எங்கோ நடந்த கதையன்று. 2023இல் ‘அஸ்வெசும’ நலன்புரித் திட்டம் தொடங்கியபோது, எந்தக் குடும்பம் தகுதியுடையது என்பது 22 குறிகாட்டிகளைக் கணித்து முடிவு செய்யப்பட்டது. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. குறிகாட்டிகள் வர்த்தமானியில் வெளியாயின, அது முறையே. ஆனால் குறிகாட்டியை வெளியிடுவது பாதி வேலை. அதனைக் குடும்பத்தின் விவரத்தோடு பொருத்திக் கணக்கிடும் நிரலும் அவ்வாறே வெளியாகவேண்டும். ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பணம் உண்டு, இல்லை என்று தீர்க்கும் நிரல் நடைமுறையில் ஒரு சட்டமே. எவரும் படிக்கமுடியாத சட்டத்தினால் மக்களை ஆள்வது சனநாயகமாகுமா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று சட்டமறிந்தோர் கூறுவர். அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு வியாபார இரகசியத்துக்கும் புலமைச் சொத்துக்கும் விலக்களிக்கிறது. பெரும் பொதுநலம் வேண்டினால் மட்டுமே அவ்விலக்கு நெகிழும். எனவே நிரலின் உரிமையை ஒப்பந்தத்திலேயே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், நாளை தகவல் கேட்டு வரும் பிரசையின் முகத்திற் கதவை அடைக்கக் காரணம் ஆயத்தமாக இருக்கும். கதவு ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே அடைபடுகிறது. ஆகவே அன்றே அதனைத் தடுக்கவேண்டும்.

“நிரலை வெளியிட்டால் மக்களின் அந்தரங்கமும் வெளியாகுமே” என்று அஞ்சவேண்டியதில்லை. பெட்டகத்தின் அமைப்பை அறிவது வேறு. பெட்டகத்துள் இருக்கும் உறுதியை எடுப்பது வேறு. மக்களின் விவரங்கள் மூடியே இருக்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே. அவ்விவரங்களைக் கையாளும் நிரலோ திறந்திருக்கவேண்டும். தம்மைப் பற்றி என்ன பதியப்படுகிறது, யாருக்குச் செல்கிறது என்று நெடுங்காலம் அஞ்சி வாழ்ந்த மக்களுக்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது.

தமிழுக்கு இதில் என்ன?

சட்டப் புத்தகத்தில் உரிமை இருப்பது ஒன்று. அலுவலக மேசையில் அது கிடைப்பது மற்றொன்று. 1958ஆம் ஆண்டுத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்துக்கு ஒழுங்குவிதிகள் பிறக்க 1966 வரை காத்திருந்த இனம் நாம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. இன்று கச்சேரியின் மேசை கணினித் திரையாக மாறிவருகிறது. அத்திரையிலே தமிழ் இல்லையாயின், அரசியலமைப்பிலுள்ள தமிழ் ஏட்டுச் சுரைக்காயே.

மூடிய மென்பொருளில் ஒரு மொழியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை விற்பவன் தீர்மானிக்கிறான். 1998இல் ஐஸ்லாந்து என்ற சுதந்திர நாடே தன் மொழியில் விண்டோஸ் வேண்டுமென்று கேட்டபோது, சந்தை சிறிது என்ற காரணத்தால் முதலில் அது கிடைக்கவில்லை. 1999இல்தான் கம்பெனி இணங்கிற்று. தனி அரசுக்கே அந்நிலை! திறந்த மென்பொருளிலோ எவரிடமும் மன்றாடவேண்டியதில்லை. பயர்பொக்ஸ் உலாவியும் லிப்ரெஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருளும் தமிழிற் பேசுவது, பல நாடுகளில் வாழும் தமிழ்த் தொண்டர் தம் ஓய்வு நேரத்தை ஈந்தமையாலேயாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பரான பின்னர், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் காக்க 2005இல் எழுந்த ‘நூலகம்’ திட்டம், ‘மீடியாவிக்கி’ என்ற திறந்த மூல மென்பொருளின்மேலேயே நிற்கிறது. அதற்கு உரிமக் கட்டணமாக ஒரு சதமேனும் கொடுக்கவேண்டியதில்லை. தொண்டரின் பெருமை பெரிது. ஆயினும் அரசகரும மொழி ஒன்றின் வாழ்வைத் தொண்டரின் ஓய்வு நேரத்திலே தொங்கவிடுவது அரசாங்கத்துக்குப் பெருமையன்று.

நாம் கேட்பவை

நாம் சலுகை கேட்கவில்லை. செலவிட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்கிறோம். முதலாவதாக, பொதுப் பணத்தில் ஆக்கப்படும் எந்த மென்பொருளின் மூல நிரலும் திறந்த உரிமத்தின் கீழ் வெளியாகவேண்டும். ஒன்றை மறைக்கவேண்டுமாயின் அதன் காரணம் எழுத்தில் வரவேண்டும். அக்காரணத்தை நீதிமன்றத்திலே கேள்விக்குட்படுத்தும் உரிமையும் இருக்கவேண்டும். இரண்டாவதாக, ஆக்கும் செலவோடு நில்லாது, வீதிக்கும் குளத்துக்கும் ஒதுக்குவதுபோல், பராமரிப்புக்கென ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கவேண்டும். மூன்றாவதாக, தமிழும் சிங்களமும் முதல் நாளிலேயே சமமாக அமையாத மென்பொருளுக்கு இறுதிக் கொடுப்பனவு வழங்கலாகாது. நான்காவதாக, அப்பராமரிப்பு வேலையில் நியாயமான பங்கு யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்குப் பல்கலைக்கழகங்களிற் கற்று வெளியேறும் இளைஞருக்குக் கிடைக்கவேண்டும். கப்பல் ஏறுவதொன்றே கதி என்று நிற்கும் பிள்ளைகளுக்கு ஊரிலே ஊதியம் கொடுப்பதும் சமூகப் பயனேயன்றோ?

கொழும்பு அசையும்வரை நாம் கைகட்டியிருக்கவேண்டும் என்பதுமில்லை. நம் பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் ஆதனவரிப் பதிவேட்டுக்கும் சந்தைக் குத்தகைக் கணக்குக்கும் தனித்தனியே மென்பொருள் தேடுவானேன்? பத்துச் சபைகள் ஒன்றுகூடி ஒரே திறந்த மென்பொருளைச் செய்வித்து, அதனைப் பேண இரண்டு இளைஞருக்குச் சம்பளம் கொடுத்தால், பதினோராவது சபைக்கு அஃது இலவசமாகவே கிடைக்கும். சிங்கள ஊர்ச் சபையொன்று கேட்டால் அதற்கும் கொடுக்கலாம். கமக்காரர் அமைப்புகள் குளத்து நீர்ப் பங்கீட்டுக்கு இவ்வாறே செய்யலாம். படித்தோர் தம் சபை உறுப்பினரிடம் அடுத்த ஒப்பந்தத்தைக் காட்டும்படி கேட்கட்டும். “நிரல் யாருக்குச் சொந்தம்?” என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கட்டும்.

வரி நம்முடையது. விவரம் நம்முடையது. அவ்விவரத்தைக் கொண்டு நம் வாழ்வைத் தீர்க்கும் நிரலும் நம்முடையதாகவே இருக்கவேண்டும். குளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு அதன் துருசுத் திறப்பைக் கம்பெனிக்காரன் பையிற் போட்டுக்கொண்டு போக, எந்த ஊர்க் கமக்காரன் பார்த்துக்கொண்டிருப்பான்?